காத்திருப்புக்குப் போட்ட பூட்டு

மட்டக்களப்பின் கரடியனாற்றுச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தது. ஒரு பொடியன் போனில் கேம் லோட் ஆகிற கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தங்கச்சிக்காரி ஐந்து கல் பொறுக்கிக் கொக்கான் வெட்டத் தொடங்கிவிட்டாள். "இன்னும் வரல்லையா அண்ணா?" என்றவள், பதிலுக்கு நிற்காமல் கல்லை மேலே எறிந்தாள்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு சின்ன விளையாட்டு. இதற்கு அமெரிக்காவில் ஏறக்குறைய 18 வருடம் ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் காலத்தில் கேம் கசெட்டில் வரும். லோட் ஆக நிமிடக்கணக்கு. 1987இல் ரிச்சர்ட் ஆப்ளினின் 'இன்வேட்-எ-லோட்', கசெட் சுற்றும்போதே திரையில் எதிரிகளைச் சுட விட்டது. அடுத்து சீடி. 1994இல் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வந்த நம்கோ நிறுவனத்தின் 'ரிட்ஜ் ரேசர்' கார்ப்பந்தயம், முதலில் அந்த நிறுவனத்தின் பழைய 'கலக்சியன்' ஆட்டத்தின் ஒரு துண்டை ஏற்றி ஆட விடும். பின்னால் பந்தயம் மெல்ல ஏறும். எதிரிகள் அத்தனையையும் சுட்டுத் தள்ளினால் கூடுதல் கார்கள் பரிசு. நல்ல குறும்பு.

அந்தக் குறும்புக்கு ஆக்கவுரிமை கேட்டு நம்கோ 1995 நவம்பர் 27இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. 1998 பெப்ரவரியில் அது 5,718,632ஆம் இலக்கத்தோடு கைக்கு வந்தது. கசெட்காரர் முன்பே செய்ததைக் காட்டி யாரும் வழக்காடிப் பார்த்திருக்கலாம். ஆனால் வக்கீலுக்குக் கொடுப்பதைவிட வெறுங்கோட்டைக் காட்டுவது மலிவு. அதனால் நமக்குக் கிடைத்தவை கோடும், சுழலும் வட்டமும், 'உங்களுக்குத் தெரியுமா' குறிப்புகளும். ஃபிபா கால்பந்து கேமில் மட்டும் லோட் ஆகும்போது கோலியிடம் தனியே பந்தடிக்க விட்டார்கள். ஆனால் அது தனி விளையாட்டல்ல, அதே ஆட்டத்தின் துண்டு.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், விளையாடும் விதிக்கும் முறைக்கும் ஆக்கவுரிமை கொடுப்பதில்லை. கொக்கானுக்கு ஆபத்தில்லை. ஆனால் மட்டக்களப்பில் ஒருவர் கேம் செய்து அமெரிக்காவில் விற்கப் போனால், அங்குள்ள சட்டத்துக்குத்தான் பதில் சொல்லவேண்டும்.

2015 நவம்பர் 27இல் நம்கோவின் அந்த ஆக்கவுரிமை காலாவதியானது. கேம் செய்பவர்கள் கூடி, லோடிங் திரைக்கென்றே குட்டி ஆட்டங்கள் செய்து கொண்டாடினார்கள். ஐந்தே வருடத்தில் பிளேஸ்டேஷன் 5 வந்து, பல ஆட்டங்களில் அந்தக் காத்திருப்பையே சில விநாடிகளாகச் சுருக்கிவிட்டது.

கரடியனாற்றில் டேட்டா மெதுவு. பஸ் வந்தபோது பொடியனின் கோடு பாதிதான் நகர்ந்திருந்தது. தங்கச்சி கொக்கானில் மூன்றாவது கட்டையில் இருந்தாள். கற்களைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினாள்.