வெயில் இருந்தும் இருட்டில் வளர்ந்த குழந்தைகள்

தருமபுரி மாவட்டம் வட அட்சம் 12 பாகையை ஒட்டி இருக்கிறது. ஆண்டில் இருமுறை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. இத்தகைய ஊரில் வெயில் போதாமல் நோய் வருமா? இக்கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் விடை கிடைத்தது.

1922-இல் ஹட்சிசன், ஷா என்னும் இருவர் நாசிக் பகுதியில் தாம் கண்டதை வெளியிட்டனர். வசதியான வீடுகளில், கோஷா முறையால் தாயுடன் உள்ளறைகளிலேயே வளர்ந்த குழந்தைகளிடம் ரிக்கட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோய் காணப்பட்டது. எளிய உணவுண்டு வெளியில் திரிந்த ஏழைக் குழந்தைகளை அது அவ்வளவாகத் தீண்டவில்லை. அதற்குச் சற்று முன், 1919-இல், பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் பாதரச ஆவி விளக்கின் ஒளியைக் கொண்டே இந்நோயைக் குணப்படுத்தியிருந்தார்.

காரணம் ஒளியில் இருக்கிறது. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்கள் பட்டால், தோலிலுள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி ஆக மாறும். சன்னல் கண்ணாடி இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சாய்ந்த வெயிலிலும் இவை குறைவு; காற்று மண்டலத்தில் அது நீண்ட வழி கடந்து வருகிறதல்லவா? உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் இவை மிகுதி.

எலும்பு நோய்க்கும் நெஞ்சுச் சளிக்கும் என்ன தொடர்பு? விலா எலும்புகள் மென்மையானால் மூச்சிழுக்கும்போது மார்புக்கூடு உள்வாங்கும். நுரையீரல் நன்கு விரியாது. 1997-இல் வெளிவந்த அடிஸ் அபாபா ஆய்வில், நிமோனியா கண்ட குழந்தைகளிடம் ரிக்கட்ஸ் பல மடங்கு மிகுதியாக இருந்தது. 2004-இல் வெளியான மகாராட்டிர இந்தாப்பூர் ஆய்வும், கடும் நெஞ்சுத் தொற்று கண்ட 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் இந்த வைட்டமின் குறைந்திருப்பதைக் காட்டியது.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் வைட்டமினைக் கொடுத்துவிட்டால் போதுமா? காபூலில் சுமார் 3,000 கைக்குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை 1 லட்சம் அலகு வைட்டமின் தரப்பட்டது. 2012-இல் முடிவு வெளிவந்தது: நிமோனியா குறையவில்லை! இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

ஆகவே, காற்றுப் படுமென்று அஞ்சிக் குழந்தையை எப்போதும் அறைக்குள் அடைக்க வேண்டாம். எலும்புக்கு வெயில் வேண்டும். ஆனால் வெயில் நிமோனியாவுக்கு மருந்தன்று. மூச்சு வேகமாக வாங்கினாலோ, மார்பின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தாலோ, அன்றே குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.