புற்றுநோய் வாய்ப்புண்ணும் ஒட்டும் ஜெல்லும்

புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் உண்டாகும் புண்ணின் மேல் படலமாகப் படிந்து, வலியைத் தணிக்கவோ மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கவோ பயன்படும் கூழ்மமே வாய்ப்புண் ஜெல். அந்தப் புண்ணை மருத்துவர்கள் மியூக்கோசைட்டிஸ் என்பார்கள்.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. வாயின் உட்தோலும் ஓயாமல் புதுப்பித்துக்கொள்வதால் அதுவும் சேர்ந்து அடிபடுகிறது. மருந்து ஏற்றிய 5 முதல் 10 நாட்களுக்குள் உதட்டின் உட்புறமும் நாக்கின் ஓரமும் சிவந்து உரியத் தொடங்கும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோரில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே ஓரளவு புண் வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. 3 என்றால் நீராகாரம் மட்டுமே இறங்கும். 4 என்றால் வாய்வழியே எதுவும் முடியாது. குழைந்த தயிர் சாதமே நெருப்பாக எரியும் நிலையில், நோயாளி எடை இழக்கிறார். சில சமயம் சிகிச்சையையே இடையில் நிறுத்த நேர்கிறது. கதிர்வீச்சில் இடைவெளி விழுந்தால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும் என்பதால், வாய்ப்புண்ணைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்குவது பெரும் தவறு.

ஜெல் ஏன்? நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கும் உமிழ்நீர், வாய் கொப்பளிக்கும் மருந்தைச் சில நிமிடங்களில் அடித்துக்கொண்டு போய்விடும். ஜெல்லில் உள்ள நீண்ட மூலக்கூறுகளோ நீரை இழுத்து உப்பி, வாய்ச்சவ்வின் வழவழப்புப் பொருளான மியூசினைப் பற்றிக்கொள்கின்றன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. மியூசின் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால்தான் அந்த ஒட்டுதல். போலாக்சமர் 407 இன்னும் வியப்பானது: குளிரில் தண்ணீராக ஓடும், தகுந்த அளவில் கலந்திருந்தால் உடல் சூட்டில் கெட்டிப்படும்.

சந்தைக்கு வந்தவற்றில் ஜெல்கிளேர் நல்ல உதாரணம். பொவிடோன், சோடியம் ஹயலுரோனேட் ஆகியவற்றோடு, நம் வீடுகளில் இருமலுக்குக் கொடுக்கும் அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசினிலிருந்து பெறும் ஓர் அமிலமும் அதில் உண்டு. ஒரு சிறு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடமாவது வாய் முழுக்கப் படும்படி சுழற்றித் துப்ப வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் எதையும் உண்ணக் கூடாது. திறந்து கிடக்கும் நரம்பு நுனிகளை அந்தப் படலம் மூடிவிடுவதால் எரிச்சல் அடங்குகிறது. சுவீடனின் எபிசில் திரவமாகவே வாயில் விழுந்து, ஈரம் பட்டதும் படலமாகிறது.

இவை புண்ணை ஆற்றும் மருந்துகள் அல்ல. ஆறும் வரை தாங்கவைப்பவை. புற்றுநோயாளிகளின் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டு அமைப்பான மாஸ்க் (MASCC), 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பனிக்கட்டி உறிஞ்சுதல், பென்சிடமைன் கொப்பளிப்பு மருந்து, குறைந்த ஆற்றல் லேசர் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. வெறும் பூச்சு ஜெல்களுக்குச் சான்று இன்னும் அந்த அளவு திரளவில்லை. ஆயினும் ஒரு வேளை உணவு வலியில்லாமல் இறங்குவது நோயாளிக்குச் சிறிய விஷயமல்ல.

லிக்னோகெயின் கலந்த மரத்துப்போகவைக்கும் ஜெல்லைத் தடவியவர்கள், உணர்வு திரும்பும் முன் சாப்பிட்டால் புரையேறலாம். காய்ச்சலோ வெண்படலமோ இரத்தக்கசிவோ தெரிந்தால், ஜெல்லை நம்பிக் காத்திராமல் அன்றே சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.