ஹாதோர்ன் ஆய்வுகள்

ஹாதோர்ன் ஆய்வுகள், அமெரிக்காவின் சிகாகோவை ஒட்டிய சிசரோ ஊரில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதோர்ன் ஆலையில் 1924-இல் தொடங்கி 1930களின் முற்பகுதி வரை நடந்த தொடர் சோதனைகள். நிறுவன நடத்தையியல் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த ஆலையிலிருந்துதான் கதையைத் தொடங்கும். தொழிலாளியை ஒருவர் அக்கறையோடு கவனித்தாலே உற்பத்தி ஏறிவிடும் என்ற ஒற்றை வரியாக வகுப்பறைகளில் அது சுருங்கிவிட்டது. ஆய்வுக் குறிப்புகளை வரிசையாகப் படிப்பவருக்கு அந்த வரியை நம்புவது கடினம். கூலி, வேலை போய்விடுமோ என்ற பயம், மேலதிகாரியின் கண்டிப்பு ஆகிய மூன்றும் அக்கறையோடு சேர்ந்து அதே அறைக்குள்தான் இருந்தன.

இதற்கு முன் ஆலை முதலாளிகளிடம் செல்வாக்கோடு இருந்தவர் ஃபிரடெரிக் டெய்லர். ஒவ்வொரு வேலையையும் சிறு அசைவுகளாகப் பிரித்து, கடிகாரம் வைத்து அளந்து, வேகத்துக்கேற்பக் கூலி தர வேண்டும் என்று அவர் 1911-இல் புத்தகமே எழுதினார். அதே ஆண்டு வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையில் வார்ப்பு வேலை செய்தவர்கள் கடிகாரத்தை எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போய், அரசு ஆயுதச் சாலைகளில் நேர அளவீட்டுக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்ற தடையில் முடிந்தது. தொழிலாளியை அளப்பதில் அவருடைய சம்மதத்துக்கு இடமுண்டா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

ஹாதோர்ன் ஆலை தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-க்குச் சாதனங்கள் செய்துகொடுத்தது. 1920களின் இறுதியில் அங்கே ஏறத்தாழ 40,000 பேர் வேலை பார்த்தார்கள். முதல் சோதனை வெளிச்சத்தைப் பற்றியது. நல்ல விளக்கு போட்டால் வேலை கூடும் என்று நிரூபணமானால் மின்விளக்கு வியாபாரம் பெருகும். எனவே அந்தத் தொழில்துறைக்கும் இதில் அக்கறை இருந்தது. தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு ஒன்று 1924 முதல் 1927 வரை விளக்குகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தது. உற்பத்தி விளக்கின் பேச்சைக் கேட்கவில்லை. வெளிச்சம் மாறாத ஒப்பீட்டுக் குழுவிலும் அது ஏறியது. ஒரு கட்டத்தில் நிலா வெளிச்ச அளவுக்குக் குறைத்தபோதும் இரண்டு பெண்கள் வேகம் குறையாமல் வேலை செய்தார்களாம். முழு அறிக்கை வெளிவரவே இல்லை.

பெயர் வாங்கித் தந்தது அடுத்த சோதனை. 1927 ஏப்ரலில் ரிலே பொருத்தும் ஐந்து பெண்களைப் பெரிய கூடத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். பாகங்களை எடுத்துக்கொடுக்க ஆறாவதாக ஒருத்தி. ரிலே என்பது சுமார் 35 துண்டுகள் சேர்ந்த சிறு மின்சாதனம். ஒன்றைப் பொருத்த ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். முடித்ததைப் பெண் தன் முன்னாலிருந்த சரிவுக்குழாயில் போட்டதும், நகர்ந்துகொண்டே இருக்கும் காகித நாடாவில் ஒரு துளை விழும். யார் எந்த நொடியில் முடித்தார் என்பது இப்படிப் பதிவானது. பார்வையாளர் ஒருவர் அறையிலேயே உட்கார்ந்து அவர்கள் பேசிக்கொள்வதையும் எழுதிவைத்தார். குறித்த காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அது பெண்களுக்குப் பிடிக்கவில்லை. ஐஸ்கிரீமும் கேக்கும் வைத்துச் சரிக்கட்டினார்கள்.

பிறகு ஒவ்வொரு சலுகையாக வந்தது: ஐந்து நிமிட ஓய்வு, பத்து நிமிட ஓய்வு, காலைச் சிற்றுண்டி, மாலையில் சீக்கிரம் வீடு திரும்புதல், சனிக்கிழமை விடுப்பு. 1928 செப்டம்பரில், பன்னிரண்டாம் கட்டத்தில், எல்லாவற்றையும் பறித்துப் பழைய 48 மணி நேர வாரத்துக்கே கொண்டுபோனார்கள். அப்போதும் வாராந்திர உற்பத்தி இறங்கவில்லை. தொடக்கத்தில் ஒருத்தி வாரத்துக்குச் சுமார் 2,400 ரிலே செய்தாள். இறுதியில் அது 3,000-ஐ எட்டியது. ஹார்வர்டிலிருந்து 1928-இல் வந்து சேர்ந்த ஆஸ்திரேலியர் எல்டன் மேயோவுக்கு இதுவே பெரிய சான்று. அறைக்குள் உருவான குழு உணர்வும், கெடுபிடி இல்லாத மேற்பார்வையும்தான் காரணம் என்றார். அவருடைய சகா ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பர்கரும் கம்பெனி அதிகாரி வில்லியம் டிக்சனும் 1939-இல் வெளியிட்ட பெரிய நூல் இந்த விளக்கத்தை நிலைநிறுத்தியது.

அந்த நூலிலேயே வேறு செய்திகளும் இருக்கின்றன. 1928 ஜனவரியில் இரண்டு பெண்களை அறையிலிருந்து வெளியேற்றினார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. பதிலுக்கு வந்த இருவரும் கைவேகம் உள்ளவர்கள். அவர்களில் ஒருத்தி குடும்பப் பாரத்தைச் சுமப்பவள், நாளடைவில் மற்றவர்களை விரட்டி வேலை வாங்கியவளும் அவளே. கூலி முறையும் மாறியிருந்தது. முன்பு நூறு பேர் அளவிலான கூடத்தின் மொத்த உற்பத்திக்கேற்பப் பங்கு கிடைக்கும். இப்போது ஐந்து பேர் கணக்கு மட்டுமே என்பதால் தன் உழைப்பு தன் பைக்கு வருவது கண்ணுக்குத் தெரிந்தது. வேறொரு குழுவுக்கு இந்தக் கூலி மாற்றத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது உற்பத்தி 12 சதவீதத்துக்கும் மேல் ஏறியது; பழைய கூலிக்குத் திரும்பியதும் விழுந்தது. இதைப் படித்த பிறகும் பணத்துக்கு இரண்டாம் இடம் கொடுத்தவர்களின் துணிச்சலை என்னவென்பது!

1928-இல் தொடங்கிய நேர்காணல் திட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். கேள்விப் பட்டியலோடு போனவர்கள், தொழிலாளர்கள் தாம் சொல்ல நினைத்ததையே சொல்வதைக் கண்டு, பட்டியலை மூடிவைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். இந்த ஆய்வுகளில் ஐயமின்றிப் பாராட்டத்தக்க பகுதி இதுதான். ஆனால் இதிலிருந்து 1936-இல் பிறந்த ஆலோசகர் திட்டம் குறையைக் காதுகொடுத்துக் கேட்டதே தவிர, குறையைத் தீர்க்கும் அதிகாரம் ஆலோசகருக்கு இல்லை.

1931 நவம்பரில் தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி கட்டும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். இங்கே எந்தச் சலுகையும் இல்லை. பார்ப்பது மட்டும்தான் வேலை. தெரிய வந்தது ரிலே அறைக்கு நேர்மாறானது. ஒரு நாளைக்கு இரண்டு கருவி போதும் என்று அவர்களே எழுதாத சட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்தவன் ரேட்டைக் கெடுப்பவன், குறைத்துச் செய்தவன் ஏமாற்றுக்காரன், சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்தவன் எல்லாரிலும் மோசமானவன். வேகமாகப் போனவனின் மேற்கையில் பலமாக ஒரு குத்து விழும். இன்று அதிகம் செய்ததைக் கணக்கில் காட்டாமல் நாளைக்கு வைத்துக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் இதைப் பகுத்தறிவுக்குப் பொருந்தாத குழு உணர்ச்சி என்று விளக்கினார்கள். மந்தநிலையில் ஆலை ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்த காலம் அது. வேலையைச் சீக்கிரம் முடித்தால் ரேட் குறையும், ஆள் குறையும் என்று கணக்குப் போட்டவர்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. வேலை இல்லாமல் போனதால் 1932 மே மாதம் அந்த அறையே மூடப்பட்டது.

கவனிக்கப்படுவதாலேயே நடத்தை மாறுவதை 'ஹாதோர்ன் விளைவு' என்று அழைக்கும் வழக்கம் 1950களில் வந்தது. 1967-இல் அலெக்ஸ் கேரி, ஆய்வாளர்களின் முடிவுகளுக்கு அவர்களுடைய சான்றுகளே எதிராக இருப்பதாகக் கடுமையாக எழுதினார். 1978-இல் ஃபிராங்கும் கவுலும் ரிலே அறையின் எண்களைப் புள்ளியியல் முறையில் அலசி, இரு பெண்களை மாற்றிய கண்டிப்பு, பொருளாதார மந்தநிலை, ஓய்வு நேரம் ஆகியவையே ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட வெளிச்சச் சோதனைத் தரவுகளைக் கண்டெடுத்த ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் இருவரும், விளக்கை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி துள்ளியது என்ற புகழ்பெற்ற கதைக்கு அவற்றில் ஆதாரம் இல்லை என்று 2011-இல் காட்டினார்கள்.

சம்மதம் பற்றிய கேள்வியும் நிலுவையில் இருந்தது. ரிலே அறைக்கு முதலில் அழைக்கப்பட்ட இரு தோழிகள் மற்றவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒப்புதலும் கேட்கப்பட்டது. ஆனால் அதைக் கேட்டவர் சம்பளம் கொடுப்பவர். பிறகு ஒத்துழைக்காதவர்களுக்கு நடந்தது மேலே உள்ளது. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அமெரிக்காவில் 1974-இல் சட்டமும் 1979-இல் பெல்மாண்ட் அறிக்கையும் வந்தன. விவரம் அறிந்து, நெருக்கடி இல்லாமல் தரப்படும் சம்மதம் அவற்றின் அடிப்படை. இருந்தாலும் அந்த விதிகள் முதன்மையாக அரசுப் பணம் பெறும் ஆய்வுகளையே கட்டுப்படுத்துகின்றன. 2012-இல் ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களுக்குக் காட்டும் பதிவுகளில் மகிழ்ச்சியையும் சோகத்தையும் கூட்டிக் குறைத்துச் சோதித்தது. 2014-இல் அந்தச் சோதனை பற்றிய கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ், எதிர்ப்பு கிளம்பியதும் கவலை தெரிவித்துக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. தனியார் நிறுவனம் என்பதால் ஃபேஸ்புக் அந்த விதிகளைப் பின்பற்றக் கடமைப்பட்டதல்ல என்பதையும் அதிலேயே சொன்னது.