ரங்கூனா, சிங்கப்பூரா?

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தில் கடற்கரை வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், பக்கத்து பெஞ்சில் இருந்த இரண்டு இளைஞர்கள் விடுமுறைக்குச் சிங்கப்பூர் போவதா, பாங்காக் போவதா என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். விமானக் கட்டணம், விசா, சாப்பாடு எனப் பேச்சு நீண்டது. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் முன்னும் இதே மாதிரிக் கேள்வி நின்றது. அன்றைய நகரங்கள் ரங்கூனும் சிங்கப்பூரும். சுற்றிப் பார்த்துத் திரும்பும் பயணமன்று, பிழைப்புக்கான பயணம் என்பதே வேறுபாடு.

அன்றைய கணக்கில் ரங்கூனே அறிவுள்ள தேர்வு. 1937 ஏப்ரல் முதல் நாள்வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். பம்பாய்க்குப் போவதுபோலத்தான் ரங்கூனுக்குப் போவதும். இடையில் கடல் இருந்தது, எல்லை இல்லை. கப்பலில் நான்கு நாள் வழி. இறங்கினால் தெருவில் தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். பர்மியர் தம் தலைநகரிலேயே சிறுபான்மையினர் என்பதை அன்று கப்பலேறியவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? நகரத்தார் வட்டிக்கடைகள் இருந்தன, தமிழ்ப் பத்திரிகைகள் இருந்தன. ஏ.கே.செட்டியார் ‘தனவணிகன்’ நடத்தியதும் வெ.சாமிநாத சர்மா 1937இல் ‘ஜோதி’ தொடங்கியதும் அங்கேதான்.

சிங்கப்பூர் தொலைவு. நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் நின்று போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 1970களின் தொடக்கம்வரை இந்தத் தடத்தில் ஓடிய கப்பல். கப்பலில் அம்மை கண்டால் ஊருக்குள் போக முடியாது. பினாங்குக்கு ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தடுப்புக்காவல். தோட்டக் கூலிகளாயின் ஆவடி, நாகப்பட்டின முகாம்களிலேயே சோதனை தொடங்கிவிடும். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுப் போகும் கூலிகளின் மலேயாப் பயணத்தையே நிறுத்தியது.

தேர்வு என்று சொல்லிக்கொண்டே போகிறேன். பெரும்பாலோருக்கு அப்படியொன்று இருந்ததா என்பது ஐயமே. பர்மாவுக்கு மேஸ்திரி ஆள் பிடித்தார், மலேயாவுக்குக் கங்காணி. எவர் முன்பணம் முதலில் வீட்டுக்குள் வந்ததோ அந்த ஊர்தான் விதி. செட்டிநாடும் இராமநாதபுரமும் பர்மாவையும், தஞ்சையும் திருச்சியும் மலேயாவையும் நோக்கிச் சாய்ந்தமைக்கு முன்னே போன உறவினரும் ஊராரும்தான் பெருங்காரணம்.

சிங்கப்பூரைப் பிடித்தவர்களே புத்திசாலிகள் என்று இன்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. ரங்கூனில் அபாயத்தின் அறிகுறி 1930 மே மாதமே தெரிந்தது. தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரை அமர்த்தினார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியேற்றினார்கள். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் இந்தியர் பலர் கொல்லப்பட்டனர். ஆயினும் போக்குவரத்து அதனால் ஓய்ந்துவிடவில்லை. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானியக் குண்டு விழுந்த பிறகே ஊர் காலியாயிற்று. சாமிநாத சர்மா மனைவி மங்களத்துடன் வழிநடையாகத் திரும்பிய அனுபவத்தைத் தனி நூலாகவே எழுதினார். வழியில் மாண்டவர்கள் ஏராளம். ஆனால் இரண்டு மாதம் கழியுமுன், 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூரும் விழுந்தது. மலேயாத் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை வாரிக்கொண்டு போயிற்று. அன்றைய கணக்கில் இரு ஊரும் ஒன்றே.

உண்மையில் வழி பிரிந்தது அதற்குப் பின்னர். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கினார். ஐம்பது, நூறு கியாத் தாள்களும் செல்லாமற் போயின. மூன்று தலைமுறை கடை வைத்திருந்தவர்கள் மாற்றுத் துணியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். தாத்தா கப்பலேறிய துறைமுகத்தில் பேரன் அகதியாக இறங்கியதைப் பாட நமக்கு ஒரு பெரிய நாவல் வாய்க்கவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘மா-னீ’ உண்டு. ஆனால் மலேயா, மேடான் பக்கத்துக்கு ப.சிங்காரம் கிடைத்ததுபோல் ரங்கூனுக்கு ஒருவர் கிடைக்கவில்லை என்பதே என் குறை.

வந்தவர்களுக்கு அரசு வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியிருப்புகள் தந்தது. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே பர்மா பஜார் உருவாயிற்று. இங்கே வேர் பிடிக்காத சிலர் தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்ப முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிப்போனார்கள். அங்கே அங்காளபரமேசுவரிக்குக் கோயிலும் எழுப்பினார்கள்.

கடற்கரை வண்டி வந்தது. இளைஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. வண்டியில் ஏறும்போது ஒருவர் மற்றவரிடம், “இறங்கினதும் அத்தோ சாப்பிட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம், மச்சான்” என்றார்.