கடற்பரப்பை விமானத்திலிருந்து அகச்சிவப்பில் படமெடுத்தல்

கடல்நீர் தன் வெப்பநிலைக்கேற்ப வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை விமானத்திலிருந்து பதிவுசெய்து, நீர்ப்பரப்பின் சூடு, குளிர்ச்சி வேறுபாடுகளை அறியும் முறை இது. காற்று அதிகம் தடுக்காத 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களே பெரிதும் பயன்படுகின்றன. இருட்டு இதற்குத் தடையல்ல, மேகம் தடை. விமானமோ மேகத்துக்குக் கீழே பறக்கலாம்.

தொடக்கத்தில் அகச்சிவப்புப் படம் எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி ஸ்டோமல், வில்லியம் வான் ஆர்க்ஸ் முதலியோர் கதிர்வீச்சு வெப்பமானியையும் ஒளிப்படக் கருவியையும் விமானத்தில் ஏற்றி, கல்ஃப் நீரோட்டத்தின் விளிம்பைத் தேடினர். முடிவுகள் 1953இல் வெளிவந்தன. கப்பல் அளந்து முடிப்பதற்குள் நீரோட்டம் வளைந்து இடம் மாறிவிடும் என்பதால் அவர்களுக்கு வேகம் தேவைப்பட்டது. ஆனால் வெப்பமானி காட்டியது விமானப் பாதைக்கு நேர் கீழேயுள்ள ஒற்றைக் கோட்டின் வெப்பநிலையை மட்டுமே.

அந்த வெப்பநிலையும் எந்த நீருடையது என்ற கேள்வி எழுந்தது. கருவியை எட்டும் கதிர்கள் மேலேயுள்ள சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் படலத்திலிருந்தே வருகின்றன. ஆவியாதலால் வெப்பத்தை இழக்கும் இப்படலம், அடியிலுள்ள நீரைவிடப் பெரும்பாலும் சில பத்தில் ஒரு பங்கு பாகை குளிர்ந்திருக்கும். ஆய்வாளர்கள் கிஃபர்ட் யூயிங்கும் மெக்அலிஸ்டரும் 1960இல் இதை அளந்து காட்டினர். நீரின் வெப்பநிலையை நாடியவர்களுக்கு இது அளவைப் பிழை. மெக்அலிஸ்டரோ பிழையையே ஆய்வுப்பொருளாக்கினார்: இரண்டு அலைநீளங்களின் கதிர்கள் சற்றே வேறுபட்ட ஆழங்களிலிருந்து வருவதால், அவற்றை ஒப்பிட்டுக் கடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டார். இத்துறையின் பின்னாளைய ஆய்வுகளிலும் இப்பார்வை தொடர்ந்தது.

1960இல் ஏவப்பட்ட டைரோஸ் 2 முதல் செயற்கைக்கோள்களும் அகச்சிவப்பில் பார்க்கத் தொடங்கின. 1978இலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் நுணுக்கமுள்ள கடல் வெப்பநிலைப் படங்கள் கிடைத்தன. பெரும்பரப்பு வரைபட வேலை விண்வெளிக்குப் போக, அந்த நுணுக்கத்துக்கு எட்டாத சிறியவை விமானத்தின் பங்காயின.

ஒரே நொடியில் முழுக் காட்சியையும் பிடிக்கும் உணரி அணிகள் 1990களில் பரவின. அதனால் நொடிப்பொழுதில் மாறும் நிகழ்வுகளையும் காண முடிந்தது. உடையும் அலை குளிர்ந்த படலத்தைக் கிழிக்க, அடியிலுள்ள வெதுநீர் வெளிப்படும். சில நொடிகளில் படலம் மீண்டும் உருவாகும். ஆண்ட்ரூ ஜெஸ்ஸப் குழுவினர் 1997இல், படலம் மீளும் வேகத்தைக் கொண்டு அலை உடைவதன் வலிமையை மதிப்பிட முடியும் என விளக்கினர். காற்று மேல்நீரில் உண்டாக்கும் லாங்மியூர் சுழற்சி எனப்படும் இணைச் சுருள்கள் காற்றின் திசையில் நீளமாக விடும் கோடுகளை அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தினர் விமானப் படங்களில் ஆராய்ந்தனர். ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் குளிர்ந்த நிலத்தடி நீர் கடலில் கலக்கும் இடங்களும் 2008இல் வெளியான ஆய்வொன்றில் இவ்வாறே தெரியவந்தன. நன்னீர் உப்புநீரைவிட இலேசானதால் மேலே மிதந்து கருவியின் பார்வைக்கு எட்டுகிறது.

2021 முதல் 2023 வரை கலிஃபோர்னியா கடலில் நாசா நடத்திய எஸ்-மோட் ஆய்வில், சில கிலோமீட்டர் அகலமே உள்ள சுழல்களையும் வெப்ப எல்லைகளையும் அறிய விமான அகச்சிவப்புப் படங்கள் கப்பல், மிதவை அளவீடுகளோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன.