பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (டிசம்பர் 24, 1935 – நவம்பர் 24, 2008) இந்தியக் காற்பந்தாட்ட அணியின் இலக்குக் காவலராக விளங்கியவர். 1956 மெல்பேர்ண், 1960 உரோம் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்திய அணியில் இடம்பெற்றார். 1958ஆம் ஆண்டில் ஆசியாவின் சிறந்த இலக்குக் காவலர் எனத் தெரிவு செய்யப்பட்டார்.

இளமையும் இராணுவமும்

ஐதராபாத்தில் பிறந்தார். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களில் ஆடத் தொடங்கினார். 1953இல் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தார். அங்கு முதலில் அவர் ஆடியது நடு முன்கள வீரராகவே. கோல் அடிக்க வந்தவர் கோலைத் தடுப்பவராக மாறியது பின்னரே. ஆறடிக்கும் மேற்பட்ட உயரம் அதற்கு உதவியது. அவர் உதைக்கும் பந்து எதிரணியின் பகுதிக்குள் வெகுதூரம் சென்று விழும் என்பர்.

வெலிங்டன் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1960இல் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றபோது தங்கராஜ் அதன் தலைவராக இருந்தார். இராணுவத்தை விட்டபின் கொல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார்.

இந்திய அணியில்

1956 ஒலிம்பிக்கில் இந்தியா ஆத்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதியை எட்டியது. ஆசிய அணியொன்று அந்நிலையை அடைந்தது அதுவே முதன்முறை. அவ்வணியின் மற்றோர் இலக்குக் காவலர் எஸ். எஸ். நாராயண் ஆவார். இருவரும் ஒரே காலத்தவராதலால் ஒருவர் ஆட மற்றவர் வெளியே அமர நேர்ந்தது. 1960இல் இந்தியா பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. அங்கேரி, பெரு அணிகளிடம் தோற்றது.

அவரது வாழ்வில் பெரிதும் பேசப்படுவது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. காய்ச்சலால் தங்கராஜ் தொடக்க ஆட்டங்களில் ஆடவில்லை. பிரத்யுத் பர்மன் அவ்விடத்தில் நின்றார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்திற்குப் பயிற்றுநர் எஸ். ஏ. ரகீம் தங்கராஜைத் திரும்ப அழைத்தார். இசுரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடமளிக்காததை இந்திய அலுவலர் ஜி. டி. சோந்தி கண்டித்திருந்ததால் அரங்கத்தினர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். பி. கே. பானர்ஜியும், தலையில் தையலுடன் முன்களத்தில் ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். இறுதிக் கட்டத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1 என இந்தியா தங்கம் வென்றது. அதன்பின் இந்தியக் காற்பந்தாட்டத்திற்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் கிட்டவில்லை.

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணியிலும் இருந்தார். 1967இல் அருச்சுனா விருது பெற்றார். கோல் அடித்தோர் பெயர் நிற்க, தடுத்தோர் பெயர் மறைவது இவ்விளையாட்டின் இயல்பு. நீலகிரியில் உருவான இவரைத் தமிழகத்திலும் பலர் அறியார். பிற்காலத்தில் பொகாரோவில் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்த அவர், 2008இல் அங்கேயே காலமானார்.