கிடுகின் நிழலும் செந்நிற விளக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அமைந்த உரும்பிராய், சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த செம்மண்ணாலும் கிணற்றிறைப்பாலும் வளம்பெற்ற ஊராகும். துலாவால் இறைத்த காலத்திலும், நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னரும், இவ்வட்டாரக் கமக்காரரின் பணப்பயிர்களுள் புகையிலை முதன்மை பெற்றிருந்தது. அமெரிக்காவிற் பிறந்து ஐரோப்பியர் வழியாகக் கீழைநாடுகளை அடைந்த இப்பயிர், ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. அதன் வணிக வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆயின், தாவரம் ஒளியை எங்ஙனம் உணர்கின்றது என்னும் அறிவியலின் வரலாற்றிலும் புகையிலைக்கு ஓர் இடமுண்டு என்பது அத்துணை எடுத்துக்கூறப்படவில்லை.

புகையிலை விதை மிக நுண்ணியது. ஒரு கிராம் நிறையில் 10,000 விதைகளுக்கு மேல் அடங்கும். ஆதலால் அதனைச் சாம்பலுடனோ மணலுடனோ கலந்து, நாற்றுமேடையின் மேற்பரப்பிலேயே தூவுவர், ஆழப் புதைப்பதில்லை. முளைத்த கன்றுகளைக் கிடுகுகளால் மறைத்து, கன்று தேறத் தேற மறைப்பை நீக்கி, ஈற்றில் முழு வெயிலுக்கும் பழக்கியபின் தோட்டத்தில் நடுவர். பருவத்துக்குப் பருவம் ஒளியை அளந்து கொடுக்கும் முறை இது. இதனை வெறும் வழக்கமென ஒதுக்குவது பொருந்தாது. புகையிலை விதை முளைப்பதற்கு ஒளி துணைசெய்கின்றது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆழப் புதைக்காத கை அக்காரணத்தைச் சொல்லவில்லையெனினும் அதன் பயனை அறிந்திருந்தது.

ஒளியின் அளவை விடுத்து அதன் நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஐரோப்பாவிற் தொடங்கிற்று. 1882 இல் ஜேர்மானியரான எங்கெல்மன், பாசியிழையொன்றின்மேல் நிறமாலையை விழச்செய்து, ஒட்சிசனை நாடும் பற்றீரியங்கள் சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களிற் செறிந்து கூடுவதைக் கண்டார். பச்சையம் அவ்விரு நிறங்களையே மிகுதியாகப் பயன்கொள்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. அதற்கு ஈராண்டுகள் முன்னரே, 1880 இல், வில்லியம் சீமென்ஸ் இங்கிலாந்தில் மின்வில் விளக்கொளியிற் பயிர்களை வளர்த்துக் காட்டியிருந்தார். விளக்கும் இருந்தது, நிறமறிவும் இருந்தது. எந்தப் பருவத்துக்கு எந்த நிறம் என்ற வினா மட்டும் எழவில்லை.

அவ்வினாவுக்கு வழிதிறந்தது புகையிலையே. அமெரிக்காவில் ‘மேரிலண்ட் மமத்’ என்ற புகையிலையினம் கோடையில் ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி வளர்ந்தும் பூக்க மறுத்தது. குளிர்காலத்திற் கண்ணாடி வீட்டில் வைத்தபோது சிறிதாக இருக்கையிலேயே பூத்தது. காணர், அலாட் என்னும் இருவரும் வேர்ஜீனியாவிலுள்ள ஆர்லிங்டன் பண்ணையில், கோடைகாலச் செடிகளை நாள்தோறும் சில மணிநேரம் இருட்கொட்டிலுள் வைத்துப் பகலைக் குறுக்கினர். செடிகள் பூத்தன. 1920 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, பூத்தலைப் பகலின் நீளம் ஆளுகின்றது என நிறுவிற்று. உரும்பிராயில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணிநேரத்தைச் சற்றே விஞ்சும். இப்புதிர் இங்கே தோன்றாமற் போனதற்கு உழவரின் கவனக்குறைவன்று, ஊரின் அகலக்கோடே காரணம். மேலும், இலைக்காகவே பயிரிடுவோர் பூவரும்பைக் கண்டவுடன் கிள்ளிவிடுவர். பூ அவர்களுக்கு இழப்பு.

பகல்நீளத்தைச் செடி எதனால் அளக்கின்றது என்ற தேடல் பெல்ற்ஸ்வில் ஆய்வுநிலையத்திற் தொடர்ந்தது. 1952 இல் போர்த்விக், ஹென்றிக்ஸ் முதலியோர் சலாது விதைகளுக்கு 660 நனோமீற்றர் அளவிலான சிவப்பொளியைக் காட்ட அவை முளைத்தன. அதன்பின் 730 நனோமீற்றர் அளவிலான, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தூரச்சிவப்பைக் காட்ட முளைத்தல் தடைப்பட்டது. மாறிமாறிக் காட்டியபோது கடைசியிற் காட்டிய ஒளியே முடிவைத் தீர்மானித்தது. இதற்குப் பொறுப்பான நிறப்பொருள் 1959 இற் கண்டறியப்பட்டுப் பைற்றோகுறோம் எனப் பெயர் பெற்றது. நீலவொளியை உணரும் கிரிப்டோகுறோம் 1993 இல் இனங்காணப்பட்டது. கன்றுப் பருவத்தில் நீலம் தண்டைக் குறுக்கித் திடமாக்குகின்றது. இலை பெருகுதற்குச் சிவப்பும் நீலமும் வேண்டும். பூத்தலிலோ நிறத்துடன் இருளின் நீளமும் சேர்ந்து செயற்படுகின்றது. அதே 1993 இல் ஜப்பானில் நகமுறா ஒளிமிக்க நீல ஒளிகாலும் இருவாயியை வெளிக்கொணர்ந்தார். ஏலவே இருந்த சிவப்புடன் அது சேர்ந்ததனால், பருவத்துக்கேற்ப நிறத்தைத் தெரிந்துகொள்ளும் உள்ளக விளக்குகள் இயல்வனவாயின.

அவ்வாண்டுகளில் உரும்பிராயின் நிலை வேறு. 1990 இற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்வழங்கல் அற்றுப்போயிற்று, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிதாயிற்று, மாணவர் போத்தல் விளக்கின் சிறுசுடரிற் படித்தனர். செடிக்கு விளக்கேற்றுவது எண்ணிப்பார்க்கவும் இயலாத காலம் அது. நாற்றுமேடைக்கு வெயிலும் கிடுகுமே இருந்தன.

கிடுகின் நிழலைப் பற்றி இன்னொன்று கூறவேண்டும். நிழல்கள் யாவும் ஒருதன்மையன அல்ல. காய்ந்த ஓலையிற் பச்சையம் இல்லை. அதன் இடுக்குகளால் நுழையும் ஒளி பெரும்பாலும் நிறம் மாறாமல் அளவிற் குறைந்தே வருகின்றது. உயிருள்ள இலையின் நிழலோ வேறு. தமிழகத்தின் கொடிக்கால்களில் அகத்தியின் கீழ் வெற்றிலை வளர்கையில், மேலிருக்கும் இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சித் தூரச்சிவப்பைக் கீழே விடுகின்றன. நிழல்பழகிய வெற்றிலைக்கு அது ஒத்துப்போகின்றது. வெயில் விரும்பும் கன்றையோ அது மெலிந்து நெடுக வைக்கும். புகையிலை நாற்றுக்கு ஓலையையும் வெற்றிலைக்கு மரத்தையும் தெரிந்தோர் ஒளியின் நிறத்தையும் தெரிந்தவராயினர்.

இன்று கிடுகின் இடத்தைக் கடையில் விற்கும் நிழல்வலை பிடித்துவருகின்றது. கருவலை கிடுகைப் போன்று எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒருங்கே குறைக்கும். பச்சைவலை அவ்வாறன்று, சிவப்பை ஒப்பளவிற் கூடுதலாகத் தடுத்து, இலைநிழலைச் சற்றே ஒத்த ஒளியைக் கன்றின்மேல் விழுத்தும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் நாற்றுமேடை போடும் ஒருவர், கடையில் எவ்வலையை வெட்டித் தரச்சொல்கின்றாரோ அதனோடு நிறமும் சேர்ந்தே வீட்டுக்கு வருகின்றது.